பருந்து இல்லாத கண்ணாடி

"அக்கா, கண்ணாடி இருக்கிறதே தெரியேல்லை!"

தங்கை வசந்தமலர் சொன்ன அந்த ஒரு சொல்லில் இராசமலருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. முதல் நாள் பின்னேரம் முழுக்க வினாகிரியும் பழைய பேப்பருமாக நின்று துடைத்தவள். தோள்மூட்டு இன்னும் வலித்தது. அந்த வலிக்கு இந்தச் சொல் காணும் என்று நினைத்தாள். ஒரு மணித்தியாலம் கழித்து அதே சொல்லை நினைக்கக் கூசப்போகிறாள் என்று அப்போது யார் கண்டது?

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்து, தை மாதம். உலகத்தின் தென்கோடி நாட்டில், மவுண்ட் ரோஸ்கில்லில் கதிர்காமநாதனும் இராசமலரும் வாங்கிய வீட்டுக்கு அன்றைக்குக் குடிபூரல், பால் காய்ச்சிக் குடிபோகிற நாள். வீடென்றால் அது ஒரு தினுசான வீடு. அந்தத் தெருவில் அப்படி ஏழு வீடுகள். ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஒரே படத்தைக் கீறி, ஒன்றை இடமாகவும் அடுத்ததை வலமாகவும் திருப்பித் திருப்பிக் கட்டியவை. தெருவில் நின்று பார்த்தால் பதிந்த கூரையும், கார் விடுகிற கொட்டிலும், உயரத்தில் ஓடுகிற ஒடுங்கிய யன்னலும்தான் தெரியும். உள்ளே போய் நாலு அடி வைத்தால் பின்பக்கத்துச் சுவரைக் காணோம். நிலத்திலிருந்து முகடு வரைக்கும் நாலு கண்ணாடிகள். அதில் ஒன்று இழுத்துத் திறக்கிற கதவு. கூரையைத் தாங்குகிற மரவளைகள் கண்ணாடியைத் தாண்டி வெளியே போய் நின்றன. உள்ளே பதித்த அதே செங்கல்தான் வெளி முற்றத்திலும். எது வீடு, எது வளவு என்று காலுக்குத் தெரியாது.

நிறைகுடத்தை எங்கே வைப்பது என்பதிலேயே காலையில் வழக்குத் தொடங்கியது. ஐயர் கிடையாத ஊர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஏரம்பமூர்த்திதான் நாள் பார்ப்பார், தேவாரம் பாடுவார். அதற்குச் சம்பளமாக யாரையாவது பிடித்து நையாண்டி பண்ணுவார்.

"கதிர்காமநாதன், இந்த வீட்டுக்கு முகம் எது, முதுகு எது? குடத்தை நான் கார்க் கொட்டிலுக்குள்ளையோ வைக்கிறது?"

"அதுதானே மாஸ்ரர் முன்வாசல்" என்றார் கதிர்காமநாதன்.

"அது முன்வாசலில்லை அண்ணை" என்றான் சில்வெஸ்ரர். "இந்த வீடு றோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்குது. முகம் வளவுப் பக்கம்."

"ஏன், றோட்டோடை கோவமோ?"

"வெயிலோடை விருப்பம், மாஸ்ரர். இந்த நாட்டிலை வெயில் வடக்காலை வரும். கீறினவன் வடக்குச் சுவரை அழிச்சுப்போட்டுக் கண்ணாடியை வைச்சிருக்கிறான்."

சில்வெஸ்ரர் மன்னார்ப் பொடியன். இருபத்தெட்டு வயது. கொழும்பில் வீட்டுப்படம் கீறுகிற வேலையில் இருந்தவன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, நகரத்தில் ஒரு கட்டடக்காரரிடம் அதே வேலைக்குச் சேர்ந்திருந்தான். இந்த வீட்டைக் கண்ட நாளிலிருந்து அவனுக்கு அதில் ஒரு பைத்தியம். தளபாடம் தூக்கவென்று வந்தவன், வளைகளைத் தடவிக்கொண்டு நின்றதுதான் கூட.

அன்றைக்கு அவனைப் பார்க்க இன்னொருவரும் வந்திருந்தார். மனுரேவாவில் பண்டகசாலை ஒன்றில் வேலைசெய்கிற கிளெமென்ட். குருநகர்க்காரர். தங்கை றோஸ்மேரிக்குச் சில்வெஸ்ரரைக் கேட்டு, கதை முக்கால்வாசி முற்றியிருந்தது. "ஒருக்கா நாலு பேருக்கு மத்தியிலை ஆளைப் பாப்பம்" என்றுதான் இந்தக் குடிபூரலுக்கு வந்தது. கிளெமென்டின் தகப்பன் குடித்தே செத்தவர். அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

கடைசியில் நிறைகுடம் கண்ணாடிக்கு வெளியே, முற்றத்துச் செங்கல்லில், கூரை நிழலுக்குள் ஏறியது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பால் அடுப்பு உள்ளே. எல்லோரும் உள்ளே அடுப்பைச் சுற்றி நின்றார்கள்.

"காத்து அடுப்பைக் குடையுது. கதவை இழுத்துச் சாத்தி விடுங்கோ" என்றார் ஏரம்பமூர்த்தி.

கதிர்காமநாதன் இழுத்து விட்டார். கதவு சத்தமில்லாமல் வழுக்கிப் போய் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் சில்வெஸ்ரர் குசினிக்குள் தம்ளர் கழுவிக்கொண்டு நின்றான்.

பால் விளிம்புக்கு வருகிற நேரம், வெளியே இடப்பக்கத்து விளக்குச் சுடர் சாய்வதை இராசமலர் கண்டாள். நல்ல காரியத்தில் விளக்கு அணையலாமா? குசினி வாசலில் வந்த சில்வெஸ்ரரைப் பார்த்து, "தம்பி, விளக்கு! ஓடிப்போய் மறையுங்கோ!" என்று கத்தினாள்.

அவன் ஓடினான்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. பால் பொங்கி வழிந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. சில்வெஸ்ரரின் வலது உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு தாண்டிக் கிழிந்திருந்தது. கதிர்காமநாதன் புது வேட்டியோடு அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வெளியே இடப்பக்கத்து விளக்கு அணையவேயில்லை. எரிந்துகொண்டுதான் நின்றது.

இனி இராசமலரின் நெஞ்சுக்குள் கிடந்ததைச் சொல்ல வேண்டும்.

வீட்டை விற்ற கிழவி மிஸிஸ் ஹார்டிங், பூட்டுத் திறப்பைக் கொடுக்கிற அன்று இராசமலரின் கையைப் பிடித்து ஒரு சுற்றுக் காட்டினாள். கண்ணாடி ஒன்றுக்கு ஒன்றாக, கண் மட்டத்தில், நாலு கறுப்புப் பருந்துகள் ஒட்டியிருந்தன. இறக்கை விரித்தபடி, உள்ளங்கை அகலத்தில்.

"இதுகளை மட்டும் கழற்றிவிடாதே" என்று கிழவி ஆங்கிலத்தில் சொன்னாள். "குருவிகள் மோதாமல் இருக்க ஒட்டியது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் என் கணவருக்காக. தேநீர்த் தட்டோடு இரண்டு தரம் போய் இடித்தார்."

இராசமலர் சிரித்தாள். சரி சரியென்று தலையை ஆட்டினாள். விளங்காமல் ஆட்டிய தலையில்லை அது. நன்றாக விளங்கித்தான் ஆட்டினாள்.

ஆனால் குடிபூரலுக்கு முதல் நாள் நின்று பார்த்தால், அதுகள் பருந்தாகவா தெரிந்தன? காகம் மாதிரி இருந்தன. பிதிருக்குச் சோறு வைக்கக் கூப்பிடுகிற காகம் நாலு, பால் காய்ச்சுகிற வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் என்ன அழகு? கதிர்காமநாதன் வேலைக்குப் போயிருந்தார். இராசமலர் சவர அலகை எடுத்துச் சுரண்டினாள். பிறகு ஒட்டலாம் என்றுதான் நினைத்தாள். சுரண்டச் சுரண்ட அவை இறக்கை வேறு தலை வேறாகக் கிழிந்து வந்தன. பசையை யூக்கலிப்டஸ் எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். கிழிசல்களைப் பேப்பரில் சுற்றிக் குப்பை வாளியின் அடியில் வைத்தாள். ஏன் அடியில் வைத்தாள்? அந்தக் கேள்வியைத்தான் பிறகு அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கார் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. வசந்தமலர் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கிளெமென்ட் பொங்கல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் நின்றார். அப்போதுதான் கதிர்காமநாதன் தொலைபேசியில் கூப்பிட்டார்: நரம்பைத் தைக்கிறார்கள், கை தப்பும், பயப்பட வேண்டாம்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் ஏரம்பமூர்த்திக்கு வாயும் வந்தது.

"எட்டடி உயரக் கண்ணாடி. அது கண்ணுக்குத் தெரியாதோ ஒரு மனிசனுக்கு? மன்னார்த் தம்பிக்கு விடியக் காலமையே ஒரு சொட்டு உள்ளுக்கை போயிருக்கும். எனக்கு நாலு கதவு தெரிஞ்ச இடத்திலை அவருக்கு எட்டுக் கதவு தெரிஞ்சிருக்கு!"

சிரித்தார்கள். பயம் தெளிந்த சிரிப்பு. யாரும் பெரிதாக நினைத்துச் சிரிக்கவில்லை. இராசமலர் என்ன செய்தாள்? கண்ணாடி ஏன் தெரியவில்லை என்ற பேச்சு அதோடு முடியட்டும் என்று, அவளும் சிரித்தாள். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள். கிளெமென்ட் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை மேசையில் வைத்தார்.

பின்னேரம் கதிர்காமநாதன் ஒரு படிவத்தோடு வந்தார்.

"மலர், இஞ்சை பாரும். இந்த நாட்டிலை விபத்தெண்டாச் சம்பளத்திலை பெரும்பங்கை அரசாங்கமே குடுக்குமாம். எப்பிடி நடந்தது எண்டு மட்டும் எழுதினாக் காணும்."

"ஆரின்ரை பிழை எண்டு கேக்கமாட்டினமோ?"

"கேக்கமாட்டினம். அதுதான் இந்த நாட்டுச் சட்டம். ஆரின்ரை பிழையெண்டாலும் ஒண்டுதான். அதுக்கு ஒரு கட்டமே இல்லை, பாருமன்."

இராசமலர் படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். உண்மைதான். பெயர், பிறந்த திகதி, காயம், இடம். 'கண்ணாடிக் கதவில் மோதியது' என்று கதிர்காமநாதன் எழுதியிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒருவரும் கேளாத அந்தப் பதிலை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்த கிழமை கண்ணாடிக்காரன் வந்தான். புதுக் கண்ணாடியைப் பூட்டிவிட்டு, மற்றக் கண்ணாடியில் விரலால் தடவினான். "இதில் ஏதோ ஒட்டியிருந்திருக்கிறது. யார் எடுத்தது?" என்று கேட்டான்.

"முந்தி இருந்த ஆட்கள்" என்றாள் இராசமலர்.

"முட்டாள் வேலை" என்றான் அவன்.

பக்கத்தில் நின்ற கதிர்காமநாதன், "பாத்தீரே, நான் ஒண்டையும் கவனிக்கேல்லை. அந்தக் கிழவி போகேக்கை எதையோ உரிச்சுக்கொண்டு போயிருக்கு" என்றார். இராசமலர் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் சமைத்துக் குவித்தாள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை புட்டும் மீன் குழம்பும், இடியப்பமும் சொதியும் கட்டி, கதிர்காமநாதனிடம் கொடுத்துச் சில்வெஸ்ரரின் அறைக்கு அனுப்பினாள். "என்ன மலர், பெத்த தாய் தோத்துப்போவாள்" என்றார் அவர். அவள் ஒரு நாளும் போகவில்லை.

மாசி முடிந்து பங்குனியும் வந்தது. ஒரு நாள் வசந்தமலர் தொலைபேசி எடுத்தாள். அவளும் றோஸ்மேரியும் நகரத்தில் ஒரே வங்கியில் வேலை.

"அக்கா, சங்கதி தெரியுமோ? கிளெமென்ட் அண்ணை அந்தச் சம்பந்தத்தை விட்டிட்டாராம்."

"ஏன்?"

"வேறை என்ன, குடிதான். 'எங்கட வீட்டிலை ஒரு குடிகாரன் காணும், இன்னொண்டு வேண்டாம்' எண்டு சொல்லிப்போட்டாராம். றோஸ்மேரி மத்தியானம் சாப்பிடவுமில்லை. நான் நினைக்கேல்லை அக்கா, அந்தப் பொடியன் அப்பிடியெண்டு. ஆனா உங்கட வீட்டிலை நடந்ததை எல்லாரும் பாத்தவை தானே."

"ஓம்" என்றாள் இராசமலர்.

அந்தச் சனிக்கிழமை அவளே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சில்வெஸ்ரர் நகரத்தில், மூன்று மாணவர்களோடு ஒரு மாடி வீட்டில் இருந்தான். கதவைத் திறந்தவன் அவளைக் கண்டு திகைக்கவில்லை.

"வாங்கோ அக்கா. இருங்கோ."

அறையில் ஒரு கதிரைதான் இருந்தது. கீறுகிற பலகை சுவரோடு சாய்த்துக் கிடந்தது. அவன் கட்டிலில் இருந்துகொண்டு பார்சலைப் பிரித்து, இடது கையில் கரண்டியைப் பிடித்துப் புட்டை அள்ளினான். பாதி மடியில் விழுந்தது.

"இடக்கையாலை தின்னப் பழகீட்டன். ருசிதான் வேறை மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தான்.

"தம்பி, நான் உம்மட்டை ஒண்டு சொல்ல வந்தனான்."

"சொல்லுங்கோ."

"அந்தக் கண்ணாடியிலை பருந்து ஒட்டியிருந்தது. நான்தான் சுரண்டினனான். முதல் நாள். காகம் மாதிரிக் கிடக்கெண்டு."

அவன் கரண்டியை வைத்தான்.

"எனக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"செற்றியும் அலுமாரியும் தூக்கின அண்டைக்கு நான் அந்தப் பருந்துகளைத்தான் அடையாளம் வைச்சனான். பருந்து நிண்டாக் கண்ணாடி. பருந்து இல்லாட்டி வழி. கதவைத் திறந்தா அந்தப் பருந்து மற்றக் கண்ணாடிக்குப் பின்னாலை போயிடும், அப்பிடித்தானே? அண்டைக்கு நீங்கள் கத்தினதும் பாத்தன். பருந்து இல்லை. வழியெண்டு ஓடினன்."

இராசமலர் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஏன் ஐயா நீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? குடிகாரன் எண்டு பேர் வந்த பிறகும்?"

"முதல் கிழமை உங்களுக்காகச் சொல்லேல்லை. நல்ல நாளிலை உங்களுக்கு ஒரு குறை வரக்கூடாதெண்டு." அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "பிறகு, நீங்கள் சொல்லுவியளோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"எட்டுக் கிழமை."

"ஓம். சாப்பாடு மட்டும் வந்துகொண்டிருந்தது."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு இருந்து அழ ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும். எழும்பினாள்.

"கிளெமென்ட் இண்டைக்கு வீட்டிலை நிப்பாரோ?"

"சனிக்கிழமைதானே. நிப்பார்."

மனுரேவாவுக்கு ரயில் ஊர்ந்துகொண்டு போயிற்று. சொல்ல வேண்டியதை இராசமலர் பதினைந்து விதமாக அடுக்கினாள். ஒவ்வொரு அடுக்கிலும் 'பிறகு ஒட்ட இருந்தனான்' என்பது முன்னுக்கு வந்து நின்றது. பாப்பாடோய்டோய் நிலையத்தில் அதை எடுத்து எறிந்தாள். மனுரேவாவில் இறங்கும்போது இரண்டு வசனம்தான் மிஞ்சியது.

கிளெமென்ட் கார் கழுவிக்கொண்டு நின்றார். றோஸ்மேரி படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இராசமலர் கதிரை கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை.

"தம்பி, சில்வெஸ்ரர் அண்டைக்குக் குடிக்கேல்லை. கண்ணாடியைத் தெரியப்பண்ண ஒட்டியிருந்ததை நான் சுரண்டி எறிஞ்சனான். எறியாதை எண்டு சொல்லியும் எறிஞ்சனான்."

கிளெமென்ட் குழாயை மூடினார்.

"நான் மாஸ்ரரின்ரை பகிடியை நம்பேல்லை அக்கா" என்றார் மெல்ல. "அந்தாள் எல்லாரையும்தான் சொல்லும். நான் உங்களைப் பாத்தனான். வீட்டுக்காரி நீங்கள். அவனைத் தெரிஞ்ச ஆள். நீங்கள் சிரிச்சியள். அப்ப உண்மைதான் எண்டு நினைச்சன்."

இராசமலர், பருந்தைச் சுரண்டியதுதான் தன் குற்றம் என்று இவ்வளவு நாளும் சுமந்தவள். அந்தச் சிரிப்பை அவள் கணக்கில் எடுத்ததேயில்லை.

றோஸ்மேரி தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள்.

"அவருக்குத் தெரியுமோ, நீங்கள் சுரண்டினது?"

"ஓம் பிள்ளை. முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் வாய் திறக்கேல்லையோ? என்னட்டைக்கூடவோ?" அவளுக்கு முகம் சிவந்தது. "சரியான விசரன். அண்ணா, நான் அவரோடை கதைக்கப் போறன். நீங்கள் வேண்டாமெண்டாலும் போவன்."

"போ. நான் மறிச்சனானோ?" என்றார் கிளெமென்ட். பிறகு இராசமலர் பக்கம் திரும்பினார். "என்னட்டைச் சொன்னது காணாது அக்கா. சிரிச்ச ஆக்கள் எல்லாருக்கும் சொல்லவேணும்."

"சொல்லுறன்."

முதலில் கதிர்காமநாதனிடம் சொன்னாள். அவர், "அந்தக் கிழவியை நான் எத்தினை பேரிட்டை ஏசியிருப்பன்" என்றார். அவ்வளவுதான். மிஸிஸ் ஹார்டிங்குக்குக் கடிதம் ஒன்று எழுத இராசமலர் மூன்று கடதாசி கிழித்தாள்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, அன்றைக்கு வந்த அத்தனை பேரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். நாலு கண்ணாடியிலும் கறுப்பு மட்டையில் தானே வெட்டிய பருந்துகள்.

"இது பருந்தோ, அடைக்கோழியோ?" என்றார் உள்ளே வந்த ஏரம்பமூர்த்தி.

"அது பருந்து, மாஸ்ரர். முந்தியும் இருந்தது. நான் சுரண்டினபடியாத்தான் அந்தப் பிள்ளைக்குக் கை போனது. குடிச்சிட்டு விழுந்தவரெண்டு நீங்கள் சொல்லேக்கை, எனக்கு உண்மை தெரியும்."

வசந்தமலர் கையில் இருந்த சோற்றுச் சட்டியோடு அப்படியே நின்றாள். ஏரம்பமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"நான் பகிடிக்கெல்லோ பிள்ளை சொன்னனான். நீரும் பகிடியெண்டுதானே சிரிச்சனீர்?"

"இல்லை மாஸ்ரர். ஒளிக்கிறதுக்குச் சிரிச்சனான்."

அவர் சால்வையை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். "அப்ப நானும் அந்தத் தம்பியிட்டை ஒரு வார்த்தை சொல்லவேணும்" என்றார் கடைசியில்.

அந்த நேரம்தான் வீட்டின் பக்கவாட்டால் சில்வெஸ்ரரும் றோஸ்மேரியும் வளவுக்குள் வந்தார்கள். வைகாசிக்குக் கலியாண எழுத்தென்று நாள் வைத்தாயிற்று. காற்றில்லாத நாள். கண்ணாடிக் கதவை இராசமலர் காலையிலேயே முழுக்க இழுத்துத் திறந்து வைத்திருந்தாள். அதன் பருந்து மற்றக் கண்ணாடிக்குப் பின்னால் போய், இரண்டு பருந்தும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. வெளிச் செங்கல்லும் உள்ளே இருந்த செங்கல்லும் ஒரே வெயிலில் கிடந்தன.

"வாங்கோ தம்பி" என்றாள் இராசமலர். "கதவு திறந்துதான் கிடக்கு. வாங்கோ."

"ஓம்" என்றான் அவன். முன்பென்றால் 'ஓம் அக்கா' என்பான்.

சிரித்த முகத்தோடுதான் வந்தான். கதவடிக்கு வந்ததும் நின்றான். கட்டு அவிழ்த்த வலது கை, உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு தாண்டி ஓடிய இளஞ்சிவப்புத் தழும்போடு, தன்பாட்டில் முன்னே நீண்டது. மடங்காத இரண்டு விரல்களால் வெறும் காற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். றோஸ்மேரி அவனுக்குப் பக்கத்தில் பொறுத்து நின்றாள். உள்ளே ஒருவரும் அசையவில்லை.

ஒன்றும் தட்டுப்படவில்லை என்று கை சொன்ன பிறகுதான் அவன் காலை எடுத்து வைத்தான்.